நமக்கு ஏற்ற செல்போன் எது?

1. போன் வந்த கதை

1995-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவில் இருந்தார். மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம் டெல்லியில் இருந்தார். ஜோதி பாசு செல்போனில் சுக்ராமை அழைத்துப் பேசினார். இந்தியாவில் நடந்த முதல் செல்போன் பேச்சு அதுதான்.

அப்போது செல்போன் பணக்காரர்களின் பொருள். நாம் அழைத்தாலும் காசு. அடுத்தவர் அழைத்து நாம் எடுத்தாலும் காசு. 2003-ல்தான் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது.

இன்று நிலைமை வேறு. கொத்தனாரிடம் போன் இருக்கிறது. சித்தாளிடம் இருக்கிறது. காய்கறி வண்டிக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. போன் நம் கையில் இருக்கிறது. அதில் நம்பர் தேடித் தருவது யார்? வந்த மெசேஜைப் படித்துச் சொல்வது யார்? மகனா? பக்கத்து வீட்டுக்காரரா? கடைக்காரரா?

அடுத்தவர் படித்துச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்றால் அந்தப் போன் பாதிதான் நம்முடையது. எழுத்தும் எண்ணும் கற்றவர் அதை முழுவதும் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

2. ஒரு செய்தியின் விலை

கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் மத்தி மீன் நிறையக் கிடைக்கும். செல்போன் வருவதற்கு முன் மீனவர்கள் பிடித்த மீனைத் தங்கள் ஊர்க் கரைக்கே கொண்டு வருவார்கள். அங்கே வாங்க ஆள் இருக்கிறார்களா என்று கடலில் இருக்கும்போது தெரியாது. பக்கத்து ஊரில் என்ன விலை என்றும் தெரியாது.

1997 ஜனவரியில் ஒரு நாள். வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். மீனும் இருந்தது. பணமும் இருந்தது. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

1997 முதல் 2001 வரை அந்தக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் எழுந்தன. மீனவர்கள் படகில் இருந்தபடியே பல கரைகளுக்குப் பேசினார்கள். நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 15 மீன் சந்தைகளில் இதை ஆராய்ந்தார். 2007-ல் வெளியிட்டார். முன்பு 100 கிலோ மீனில் 5 முதல் 8 கிலோ வரை வீணானது. போன் வந்த பிறகு வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மீனவர்களின் லாபம் நூற்றுக்கு 8 கூடியது. வாங்குபவர்களுக்கு விலை நூற்றுக்கு 4 குறைந்தது.

அந்த மீனவர்களின் போனில் படம் பார்க்க முடியாது. பாட்டுக் கேட்க முடியாது. பேசத்தான் முடியும். என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சாதாரணப் போனே வருமானத்தைக் கூட்டியது.

3. முதலில் வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். போனில் உங்களுக்கு ஆக வேண்டிய வேலைகளை எழுதுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படி இட்லி அவிக்கும் ஓர் அக்கா போன் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதும் பட்டியல் இப்படி இருக்கலாம்.

1. விடியற்காலை 3 மணிக்கு எழுப்ப அலாரம்.
2. சைக்கிளில் இட்லி கொண்டுபோன வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.
3. டீக்கடைகளில் நாளைக்கு எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்க வேண்டும்.
4. கணக்குப் போட வேண்டும்.
5. வங்கியில் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.
6. ஊரில் இருக்கும் அம்மாவின் முகம் பார்த்துப் பேச வேண்டும்.

இதில் முதல் 5 வேலைகளுக்குப் பட்டன் போன் போதும். ஆறாவது வேலைக்கு மட்டும் பெரும்பாலும் டச் போன் வேண்டும். இனி அந்த அக்காவால் யோசிக்க முடியும். ஆறாவது வேலை எவ்வளவு முக்கியம்? அதற்காக எவ்வளவு செலவு செய்யலாம்? வீட்டில் இன்னொருவரிடம் டச் போன் இருந்தால் அதில் பேசிக்கொள்ளலாமா?

4. பட்டன் போனா? டச் போனா?

பட்டன் போனில் என்ன நன்மை? விலை குறைவு. ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் வரும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. மாவுக் கையோடு இருந்தாலும், விரலைத் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தலாம். எண்கள் ஒரே இடத்தில் இருப்பதால் கை பழகிவிடும்.

டச் போனில் என்ன நன்மை? முகம் பார்த்துப் பேசலாம். படம் அனுப்பலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் பேசிப் பதிவு செய்தும் அனுப்பலாம். வழி தெரியாத இடத்துக்கு வழி பார்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். இன்டர்நெட்டுக்குத் தனியாகக் காசு ஆகும். கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால் மாற்றும் செலவு அதிகம்.

பட்டன் போனில் பணம் அனுப்ப முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. யுபிஐ 123 பே என்ற முறை 2022 மார்ச்சில் வந்தது. அதன் மூலம் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம்.

5. கடையில் கேட்க வேண்டியவை

இட்லிக்கார அக்கா கடைக்குப் போகிறார்.

“தம்பி, பட்டன் போன் ஒண்ணு காட்டுங்க.”

“இதைப் பாருங்கக்கா. எல்லாரும் வாங்குறாங்க. கேமரா இருக்கு. பாட்டு இருக்கு.”

“அது இருக்கட்டும் தம்பி. இதுல தமிழ் வருமா?”

“வரும்க்கா.”

“மாத்திக் காட்டுங்க. நான் படிச்சுப் பாக்குறேன்.”

கடைக்காரர் மாற்றிக் காட்டினார். அக்கா மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எழுத்து சின்னதா இருக்கே. பெருசு பண்ண முடியுமா?”

“இதுல முடியாதுக்கா. அந்த இன்னொரு போன்ல முடியும்.”

“அப்ப அதைக் காட்டுங்க. என் கையில இருக்கிற சிம்மு இதுல ஓடுமா? என் சிம்மைப் போட்டு ஒரு தடவ பேசிப் பாத்துடுறேன்.”

“தாராளமா பாருங்கக்கா.”

அக்கா கேட்ட கேள்விகள் எல்லாம் தேவையானவை. ஏன் என்று பார்ப்போம்.

தமிழ் வருமா? இந்தியாவில் விற்கும் செல்போன்களுக்கு ஓர் இந்தியத் தர விதி உண்டு. 22 இந்திய மொழிகளிலும் வரும் மெசேஜைப் போன் காட்ட வேண்டும் என்பது அந்த விதி. மும்பையில் வாங்கினாலும், டெல்லியில் வாங்கினாலும் தமிழ் மெசேஜ் தெரிய வேண்டும். ஆனால் மெசேஜ் தெரிவது வேறு. போனின் மெனு முழுவதும் தமிழில் இருப்பது வேறு. இரண்டையும் கேளுங்கள். கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

சிம் ஓடுமா? எல்லாப் பட்டன் போனிலும் எல்லா சிம்மும் ஓடாது. 2ஜி மட்டும் உள்ள பழைய வகைப் பட்டன் போனில் ஜியோ சிம் ஓடாது. அதற்கு 4ஜி உள்ள போன் வேண்டும். 4ஜி உள்ள பட்டன் போன்களும் கிடைக்கின்றன.

பில் தருவீர்களா? பில்லும் கேரண்டி அட்டையும் வாங்குங்கள். பில்லில் தேதி, கடை முத்திரை, போனின் ஐஎம்இஐ எண் இருக்க வேண்டும். ஐஎம்இஐ என்பது 15 இலக்க எண். ஒவ்வொரு போனுக்கும் தனி எண் உண்டு. ஸ்டார், ஹேஷ், 0, 6, ஹேஷ் என்று வரிசையாக அழுத்துங்கள். எண் திரையில் வரும். பில்லில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வோர் இலக்கமாகச் சரி பாருங்கள்.

பழைய போன் வாங்குகிறீர்களா? பில் இல்லாமல் வாங்காதீர்கள். அது திருட்டுப் போனாக இருக்கலாம். ‘கேஒய்எம்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணை அடித்து 14422 என்ற எண்ணுக்கு மெசேஜ் அனுப்பலாம். அந்தப் போனைப் பற்றிய விவரம் வரும்.

6. சிம் யார் பெயரில்?

இது மிக முக்கியம். வங்கிக் கணக்கு அம்மா பெயரில் இருக்கும். அதில் கொடுத்த நம்பர் மகனுடையதாக இருக்கும். பணம் வந்தாலும் போனாலும் மெசேஜ் மகனுக்குப் போகும். அம்மாவுக்குத் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் நின்றுவிடும். பிறகு அதே நம்பர் வேறு ஒருவருக்குப் போகலாம். வங்கியில் அந்தப் பழைய நம்பரே இருந்தால் என்ன ஆகும்? நம் வங்கிச் செய்தி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

ஆகவே சிம்மை உங்கள் பெயரில் வாங்குங்கள். அந்த நம்பரையே வங்கியில் கொடுங்கள். நம்பர் மாறினால் உடனே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.

கம்பெனி பிடிக்கவில்லையா? நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். இந்த வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உண்டு. ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க நம்பரை அடித்து 1900-க்கு அனுப்ப வேண்டும். பதிலாக ஓர் எண் வரும். அதை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும்.

7. ரீசார்ஜ் கணக்கு

பல திட்டங்களுக்கு 28 நாள்தான் காலம். அதை ஒரு மாதம் என்று சொல்லி விற்பார்கள். மாதம் 12. ஆனால் 28 நாள் திட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும்?

28 × 13 = 364

12 முறை இல்லை. 13 முறை. ஒரு மாதக் காசு கூடுதலாகப் போகிறது. 30 நாள் திட்டம் ஒன்றாவது தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவிட்டது. இன்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

எது மலிவு என்று எப்படிப் பார்ப்பது? விலையை நாளால் வகுக்க வேண்டும்.

ஒரு திட்டம் 160 ரூபாய், 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். 160 ÷ 20 = 8. நாளுக்கு 8 ரூபாய்.

இன்னொன்று 196 ரூபாய், 28 நாள். 196 ÷ 28 = 7. நாளுக்கு 7 ரூபாய்.

160 ரூபாய் குறைவாகத் தோன்றுகிறது. உண்மையில் 196 ரூபாய்தான் மலிவு.

8. போனில் ஒழுங்காக வைப்பது

பெயரோடு இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘டீக்கடை’ என்று மட்டும் எழுதினால் குழப்பம் வரும். ‘டீக்கடை சயான்’, ‘டீக்கடை மாட்டுங்கா’ என்று எழுதுங்கள். நம்பரைப் போட்டவுடன் ஒரு முறை அழைத்துச் சரி பாருங்கள். முக்கியமான 10 நம்பர்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் நோட்டு காப்பாற்றும்.

அலாரம் எழுந்திருக்க மட்டும் அல்ல. மாத்திரை போட, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளை நினைவுபடுத்த, ரீசார்ஜ் முடியும் நாளைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் வைக்கலாம். மும்பையில் பச்சத் கட் என்று சொல்லும் சேமிப்புக் குழுவில் மாதம் எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும்? அந்தத் தேதியையும் குறித்து வைக்கலாம்.

போனில் கால்குலேட்டர் உண்டு. 250 இட்லி, ஒன்று 4 ரூபாய். 250 × 4 = 1000. முதலில் மனதில் போடுங்கள். பிறகு போனில் சரி பாருங்கள். போன் தப்புச் செய்யாது. ஆனால் விரல் தவறான எண்ணை அழுத்தலாம். மனக்கணக்குத் தெரிந்தவர் அந்தத் தவறை உடனே கண்டுபிடிப்பார்.

9. வங்கி மெசேஜை நீங்களே படியுங்கள்

வங்கி மெசேஜ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். பயப்பட வேண்டாம். இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ‘கிரெடிட்’ என்றால் வரவு. பணம் வந்திருக்கிறது. ‘டெபிட்’ என்றால் பற்று. பணம் போயிருக்கிறது. இந்த இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். 10 நாள் பார்த்தால் கண் பழகிவிடும். பிறகு தொகையையும் தேதியையும் பாருங்கள். எண்கள் உங்களுக்குத் தெரிந்தவைதானே!

இட்லி வாங்கியவர், “பணம் அனுப்பிட்டேன், பாருங்க” என்று தன் போனைக் காட்டலாம். அவர் போனில் தெரிவது போதாது. பொய்யான படத்தையும் காட்ட முடியும். உங்கள் போனில் வரவு மெசேஜ் வந்ததா என்று பாருங்கள். மெசேஜ் வங்கியிலிருந்து வந்ததா, யாரோ ஒருவரின் 10 இலக்க நம்பரிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள்.

10. யாருக்கும் சொல்லக் கூடாத எண்கள்

பின் நம்பர் நம் வீட்டுச் சாவி. ஓடிபி என்பது ஒரு தடவை மட்டும் திறக்கும் சாவி. இரண்டையும் யாருக்கும் சொல்லக் கூடாது. வங்கி மேனேஜர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். யுபிஐயில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம். “உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பரைப் போடுங்க” என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

சிலர் போலீஸ் உடையில் வீடியோவில் வருவார்கள். “உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். பணம் கட்டுங்கள்” என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. போனை வைத்துவிடுங்கள். வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள்.

11. போன் தொலைந்தால்

முதலில் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நம்பரில் புது சிம் வாங்குங்கள். பிறகு சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். முடக்கிய போனைத் திருடியவர் வேறு சிம் போட்டும் பேச முடியாது. இந்தத் தளம் 2023 மே மாதம் தொடங்கியது. அதனால்தான் 15 இலக்க எண்ணைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

ஆபத்து நேரத்தில் 112-ஐ அழையுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஒரே எண். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் இந்த எண்ணை அழைக்கலாம். செல்போனில் ஆபத்துப் பட்டன் இருக்க வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். டச் போனில் பவர் பட்டனைச் சில முறை வேகமாக அழுத்த வேண்டும். உங்கள் போனில் எப்படி என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

வேலைக்கு ஏற்ற போனை வாங்குங்கள்.
சிம்மும் வங்கி நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும்.
மெசேஜை நீங்களே படியுங்கள்.
பின் நம்பரையும் ஓடிபியையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

பதில் எழுதுங்கள்

1. வடகரை மீனவர்கள் ஏன் மீனைக் கொட்டினார்கள்?
2. ஒரு திட்டம் 270 ரூபாய், 30 நாள். இன்னொன்று 280 ரூபாய், 28 நாள். நாளுக்கு எவ்வளவு? எது மலிவு?
3. பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டுமா?
4. பணம் ஏமாந்தால் அழைக்க வேண்டிய எண் ------. ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் ------.

செய்து பாருங்கள்

1. உங்கள் போனின் ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.
2. உங்கள் வங்கிக் கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள்.
3. கடைசியாக வந்த வங்கி மெசேஜை எடுங்கள். அது வரவா, பற்றா? தொகை எவ்வளவு? தேதி என்ன? யாரிடமும் கேட்காமல் எழுதுங்கள்.